கண் எங்கே நிற்கிறது?

லங்காஸ்டர்
செப்டம்பர் 21

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. வானம் இவ்வளவு நீலமாகவா இத்தனை நாள் இருந்தது என்று கேட்டிருந்தாய். இங்கே நான் நேர்மாறு. ஒரு மாதமாகக் கறுப்பும் வெள்ளையும்தான்.

மகன் வாங்கித் தந்த ஏழு சின்னப் புத்தகங்களைப் பற்றிப் போனமுறை எழுதியிருந்தேன் அல்லவா? இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தின் (லேக் டிஸ்ட்ரிக்ட்) 214 மலைகளுக்கும் வெயின்ரைட் எழுதி வரைந்த வழிகாட்டி. மனிதர் கெண்டல் நகராட்சியின் பொருளாளராக இருந்தவர். கார் ஓட்டமாட்டார். விடுமுறையில் பஸ் ஏறிப் போய் நடப்பார், படம் பிடிப்பார்; இரவில் வீட்டு மேசையில் பேனாவும் மையுமாக உட்கார்ந்துவிடுவார். முதல் பக்கத்தைத் தொடங்கியது 1952 நவம்பர் 9. ஏழாம் புத்தகம் வந்தது 1966இல். உள்ளே எல்லாமே அவர் கையெழுத்து. வரிகளின் வலது ஓரம் ஒழுங்காக அமையவில்லை என்று, முடித்து வைத்திருந்த நூறு பக்கம்போல் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாராம். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். வரைபடத்தில் ஒரு எழுத்து சாய்ந்துவிட்டது என்று முழு ஷீட்டையும் கிழித்தவள்தானே நீ! (அந்த வீட்டில் மனைவியின் பாடு என்னவாக இருந்திருக்கும் என்றும் நினைத்தேன். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை.)

அவர் காட்டிய காட்சிகளுக்கு எதிரே உட்கார்ந்து நானும் வரைந்து பார்ப்பது என்று ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது. இதுவரை ஆறு மலை. போனவாரம் ஹேஸ்டாக்ஸ். கெஸ்விக்கில் இரவு தங்கினோம். என் வீட்டுக்காரர் முழங்காலைக் காட்டித் தப்பித்து, அங்குள்ள பென்சில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். பென்சிலுக்கான கிராஃபைட் ஒரு காலத்தில் பக்கத்துப் பாரோடேல் பள்ளத்தாக்கில்தான் வெட்டினார்கள். நான் மட்டும் ஹானிஸ்டர் கணவாய் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, கேட்ஸ்கார்த் பண்ணையருகே இறங்கினேன்.

அங்கேதான் வேடிக்கை. கேட்ஸ்கார்த்திலிருந்து ஏறும் பாதைக்கு வெயின்ரைட் ஒரு படம் போட்டிருக்கிறார். அது எந்த இடத்திலிருந்து தெரிகிறது என்று தேடினேன். ஏரிக்கரைப் புல்வெளியில் முன்னே போனேன், பின்னே வந்தேன், கல்சுவரோரம் குனிந்து பார்த்தேன். ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு என்னையே பார்த்தன. மலையுச்சி படத்தில் உள்ளபடி பொருந்தினால், சுவர்கள் பொருந்தவில்லை. சுவரைப் பிடித்தால் மலை நழுவியது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. படத்தின் அடியில் இருப்பது பிளான், நேர் மேலிருந்து பார்த்தது. உச்சியில் இருப்பது எலிவேஷன், நேர் எதிரே நின்று பார்த்தது. நடுவில் எங்கேயோ, கோடு தெரியாமல், ஒன்று மற்றொன்றாக மாறிவிடுகிறது! பண்ணையும் ஓடையும் சுவர்களும் வரைபடத்தில்போல மேலிருந்து தெரிகின்றன. போகப் போகப் பாறைகள் நிமிர்ந்து நம்மைப் பார்த்து நிற்கின்றன. பார்ப்பவர் நிற்கும் இடம் ஆகாயத்தில், அதுவும் ஓரிடத்தில் இல்லை.

எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் "கண் எங்கே நிற்கிறது?" என்றுதான் முதலில் கேட்பாய். இதற்கு என்ன சொல்வாய்? மோசடி என்று எனக்குக் கொஞ்ச நேரம் கோபம்தான். ஸ்கார்த் கணவாய்க்கு ஏறும்போது அது கரைந்துவிட்டது. நடப்பவளுக்குக் காலடியில் தெரிவது பிளான், தலை நிமிர்ந்தால் தெரிவது எலிவேஷன். பாதை எங்கே திரும்புகிறது என்று கீழே பார்க்கிறோம், இன்னும் எவ்வளவு தூரம் என்று மேலே பார்க்கிறோம். கேமரா இரண்டில் ஒன்றைத்தான் தரும்.

ஹேஸ்டாக்ஸ் 597 மீட்டர்தான். எதிரே நிற்கும் பில்லர், கிரேட் கேபிள் எல்லாம் எண்ணூறைத் தாண்டியவை. ஆனால் மேலே ஏறினால் ஒரே பாறைச் சிதறல், நடுநடுவே சுனைகள். கடைசிப் பாறைகளில் இரண்டு கைகளையும் ஊன்றித்தான் ஏறினேன். அங்கே ஒரு சுனைக்குப் பெயரே 'பெயரற்ற சுனை'. 1991இல் வெயின்ரைட் இறந்த பிறகு சாம்பலை அதன் ஓரத்தில்தான் தூவினார்கள், அவர் விரும்பியபடியே. அதன் கரையில் உட்கார்ந்து, நீருக்கு அப்பால் தெரிந்த கிரேட் கேபிளை வரைந்தேன். இங்கே கண் நிற்கும் இடத்தில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் சரிவில் கொட்டிக் கிடக்கும் சரளைக்கு அவர் போடும் சின்னச் சின்னக் கோடுகள் எனக்கு வரவில்லை. என்னுடையது மழிக்காத தாடிபோல இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முக்கால்வாசி வெறும் தாள்தான்.

பிறகு மழை. இருபது நிமிடத்தில் கிரேட் கேபிள் முழங்கைவரை வழிந்துவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிட்டத்தட்ட உருண்டு இறங்கினேன்.

மிஞ்சியதை இத்துடன் வைத்திருக்கிறேன். சிரித்துவிட்டு எங்கே தப்பு என்று எழுது. ஒரு உதவி: படம் வரையும் ராட்ரிங் பேனாவில் ஒரு கறுப்பு மை ஊற்றுவாயே, தண்ணீர் பட்டாலும் அசையாதது, அது இன்னும் அங்கே கிடைக்கிறதா? நவம்பரில் மகன் வருகிறான். இரண்டு புட்டி கொடுத்தனுப்பு.

அன்புடன்,
மீனாட்சி