மழை விடுமுறையில் மழலைகளின் கைக்கு வேலை

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பகல் முழுவதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் நம் டெல்டா மாவட்டங்களில் பள்ளிகளுக்கு அடிக்கடி விடுமுறை அறிவிக்கப்படும். அந்த நாட்களில் நம் மழலையர் விளையாட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கும், வீட்டில் இருக்கும் அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கும் என்ன சொல்லிக்கொடுப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எழுத்துப் பயிற்சித் தாள்கள் கொடுத்தனுப்பும்படி சிலர் கேட்டீர்கள். தாள்கள் தரப்போவதில்லை. ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைக்குப் பென்சில் வேண்டாம். அந்த வயதில் கை பிசைய வேண்டும், கிழிக்க வேண்டும், உருவ வேண்டும், ஊற்ற வேண்டும். இதற்குத் தேவையான எல்லாமே உங்கள் கொல்லையிலும் சமையலறையிலும் இருக்கின்றன.

முதலில் வெந்தயத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவு ஊறவைத்து, காலையில் குழந்தையின் கையிலேயே கொடுங்கள். நேற்று கல்லைப் போல இருந்தது இன்று வழவழவென்று நழுவுவதை விரல் தெரிந்துகொள்ளட்டும். அடியில் ஓட்டையிட்ட இரண்டு கொட்டாங்கச்சிகளில் மண் நிரப்பி, அவனையே தூவச் சொல்லுங்கள். பாதி வெளியே சிந்தும், சிந்தட்டும். இரண்டு மூன்று நாட்களில் முளை தெரியும். இரண்டு கொட்டாங்கச்சிகள் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வயதுக் குழந்தை முளையைப் பார்த்ததும் பிடுங்கத்தான் செய்யும். வேர் எங்கே போயிருக்கிறது என்று பார்க்க அதற்கு வேறு வழி கிடையாது. அதைக் குறும்பு என்று அதட்டாதீர்கள். ஒன்று பிடுங்கிப் பார்ப்பதற்கு, மற்றொன்று வளர்ப்பதற்கு. வளர்ந்ததை இரண்டு மூன்று வாரங்களில் கிள்ளி, பருப்போடு சேர்த்துக் கடையுங்கள். கீரை என்றாலே முகம் திருப்பும் குழந்தை, தான் தண்ணீர் ஊற்றிய கீரையை ஒரு வாயாவது வாங்கிப் பார்க்கும்.

மூன்று வயதை நெருங்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கொட்டாங்கச்சியில் பச்சைப் பயறு போட்டு ஒரு கூடையால் மூடி வையுங்கள். வெளிச்சம் படாத நாற்று வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று வளரும். அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டவர்கள் வீட்டில் இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. பச்சை நாற்றையும் மஞ்சள் நாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஏன், எதற்கு என்ற விளக்கம் இப்போது வேண்டாம்.

இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: தயவுசெய்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். “இது என்ன நிறம்? இது எத்தனை? இதுக்குப் பேர் என்ன?” என்று வரிசையாகக் கேட்டால் குழந்தை இலையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். அது தொடுகிறபோது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கான சொல்லை மட்டும் சொல்லுங்கள். பப்பாளி இலை, பூவரசு இலை, காய்ந்த வாழைச் சருகு என்று கைக்கு வருவதையெல்லாம் தொடும்போது சொரசொர, வழவழ, மொரமொர என்று உங்கள் வாயில் இயல்பாக வருவதே மொழிப்பாடம்.

முருங்கைக்கீரை வாங்கினால் உருவும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். காம்பைப் பிடித்து இலையை இழுக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செய்யும் வேலைதான் பின்னால் பென்சிலைப் பிடிக்கப்போகிறது. வாழை இலையைக் கிழித்தால் நரம்போடு நேராகக் கிழியும். பூவரசு இலை அப்படிக் கிழியாது. இந்த வேறுபாட்டை ஒரு குழந்தை அரை மணி நேரம் திரும்பத் திரும்பக் கிழித்துப் பார்ப்பதை எங்கள் வகுப்பில் பார்த்திருக்கிறோம். வீட்டிலும் நடுவில் தடுக்காதீர்கள். அதே பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதவும், பனை ஓலையில் காற்றாடி செய்யவும் தெரிந்த தாத்தாக்கள் நம் பள்ளிக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கைவேலையைக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை மூன்றையும் கசக்கி முகரக் கொடுங்கள். மாடி வீட்டில், வாடகை அறையில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம்.

நிறத்துக்குச் சங்குப்பூ. வெந்நீரில் பூவைப் போட்டால் தண்ணீர் நீலமாகும். ஆறியதும் நீங்கள் எலுமிச்சையைப் பிழியுங்கள். நீலம் ஊதாவாக மாறும். குழந்தை “இன்னொரு தடவை” என்று கேட்கும், அதற்குத் தக்கபடி பூவைப் பறித்து வையுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக்குவதைப் பெரியவர்கள் செய்து காட்டினால் போதும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து.

கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைக் கன்றோ இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அதில் பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழுக்களைக் கண்டால் உடனே மருந்தடிக்காதீர்கள். அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வகைகளின் புழுக்கள். வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறி, பிறகு கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும். சில இலைகள் போனால் போகட்டும். தினமும் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பாட்டிலில் பிடித்து அடைக்க வேண்டாம்.

குழந்தைகள் தம் கைகளால் செய்து கற்கும் முறையை வகுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது சுற்றியிருந்த செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் குழந்தைகளுக்குப் பாடமாக்கினார். இன்று அவர் பெயரைச் சொல்லி விற்கப்படும் விலை உயர்ந்த பயிற்சிப் பொருள் பெட்டிகளை வாங்க வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்: வேண்டாம். ஊற்றுவது, துடைப்பது, கழுவுவது, பெருக்குவது ஆகிய வீட்டு வேலைகளே அவருடைய முறையில் சிறு குழந்தைகளின் முதல் பயிற்சி.

கைபேசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 1 வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது. 2 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவாக இருப்பது நல்லது. திரையில் பார்க்கும் மழைக்கு ஈரம் கிடையாது. தூறல் நின்றதும் பத்து நிமிடம் முற்றத்துக்கு அழைத்துப் போங்கள். நத்தை ஊர்வதையும், ஓட்டு முனையில் நீர் சொட்டுவதையும் பார்க்கட்டும்.

மண்ணில் விளையாடினால் வயிற்றில் பூச்சி வரும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்காக மண்ணையே விலக்க வேண்டாம். ஆடுமாடு, நாய், பூனை அசுத்தம் செய்யாத இடத்து மண்ணைத் தேர்ந்தெடுங்கள். விளையாடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நகம் வெட்டுங்கள். 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குடற்புழு நீக்க மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. முகாம் நாளைத் தவறவிடாதீர்கள்.

வேறு சில ஆபத்துகளில் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள். அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியவை நஞ்சு. கோயில் மாலையில் இருக்கும் அரளிப் பூவும் அப்படித்தான். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. கம்பளிப்பூச்சியையும் மரவட்டையையும் பார்க்கலாம், தொடக் கூடாது. புளியங்கொட்டை, மஞ்சாடி, ஊறாத பயறு ஆகியவற்றை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. விதை கையில் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சொம்பிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றும் விளையாட்டு மிக நல்லது, ஆனால் வாளியோடு குழந்தையைத் தனியே விடாதீர்கள். சில அங்குலத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. முடிந்ததும் பாத்திரங்களைக் கவிழ்த்து வையுங்கள். கொட்டாங்கச்சியில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

செய்ததைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட வேண்டிய அவசியம் இல்லை. யார் வீட்டுக் குழந்தை என்ன செய்தது என்று ஒப்பிடவும் மாட்டோம். வேலைக்குப் போகும் அம்மா அப்பாக்கள் மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அப்பாக்களும் மண்ணில் கை வைக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வெந்தயமும் பச்சைப் பயறும் சிறு பொட்டலங்களாக அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். கேட்கும் எல்லோருக்கும் உண்டு. பள்ளியில் இன்னும் சேராத தம்பி தங்கைகளுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பூவரசு இலை கிடைக்காதவர்கள் நம் விளையாட்டுத் திடலின் வேலியோரத்தில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்