ஊரை ஒப்படைத்துவிட்டேன்

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனதற்கு சால்வையோடு நான் விறைப்பாக நிற்கிற போட்டோ பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) எடுத்தது. டாக்டர் பேசினார், கேக் வெட்டினோம், அவ்வளவுதான். நீ கேட்டது ஊரில் நடந்ததை.

58 வயசிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. 2020-ல் 59, 2021-ல் 60 என்று அரசாங்கம் ரிட்டையர் வயதை ஏற்றிவிட்டதால் இன்னும் கொஞ்ச காலம் அரூர் வெயிலில் ஓடினேன். நம்ம ஊர் சப் சென்டர் (துணை சுகாதார நிலையம்) வாசலில் ஷாமியானா போட்டு, மைக்கில் ஆம்பளைகள் பேசினார்கள். வாழ்நாள் பூராவும் என்னிடம் ரெண்டு வார்த்தை பேசாதவர்கள்கூட! பொம்பளைகள் பின்னாலேயே நின்றார்கள். நான் போலியோ சொட்டு விட்ட பிள்ளைகள் இப்போது இடுப்பில் பிள்ளையோடு. கிழக்குத் தெருப் பாட்டி மட்டும், "யாரைக் கேட்டு ரிட்டையர் ஆனே நர்சம்மா?" என்று சண்டைக்கே வந்துவிட்டது.

என் இடத்துக்குப் புதுசாக வந்திருக்கிற நர்ஸ் பொண்ணு நல்ல பொண்ணு. ரிஜிஸ்டர், வேக்சின் கேரியர், பி.பி. மெஷின் எல்லாம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாயிற்று. எழுதிக் கொடுக்க முடியாதது வேறே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை முழுசாக வர வேண்டுமானால் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிய வேண்டும். இங்கேயோ மூணு மாசம் தாண்டாமல் வாயைத் திறக்க மாட்டார்கள், கண்ணு பட்டுவிடுமாம். கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்பார்கள். மருமகளைத் தண்ணிக் குடம் தூக்க விடாமல் மாமியாரே குழாயடிக்கு வந்தால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அன்றைக்கே போய்க் கேட்கக் கூடாது. ரெண்டு நாள் விட்டு, வேறே வேலையாகப் போகிற மாதிரி போய், மாமியாருக்கு பிரஷர் பார்த்துவிட்டு உட்கார வேண்டும். தானாகச் சொல்வார்கள். இதை அந்தப் புதுப் பொண்ணோடு தெருத்தெருவாக நடந்தே சொல்லிக் கொடுத்தேன்.

"நம்பரை மட்டும் மாத்திடாதீங்க" என்று எல்லோரும் கேட்டார்கள். மாற்றவில்லை. ஆனால் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பொண்ணை எவரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் கேட்கிறவர்களை அவளிடமே அனுப்பிவிடுகிறேன். உனக்கு இது கல்நெஞ்சாகத் தெரியலாம். எனக்கு வேறே வழி தெரியவில்லை. போன புதன்கிழமை ராத்திரி ஒரு தாய் போன் பண்ணியது. ஒன்றரை மாச ஊசி போட்ட குழந்தை, காய்ச்சல், தொடை வீங்கியிருக்கிறது. சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "புது நர்ஸ் இப்பவே எடுப்பாங்க, கூப்பிடும்மா" என்று அவள் நம்பரைக் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்து நானே அவளுக்கு அடித்தேன். லைன் பிஸி. சரி, பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துவிட்டேன்.

பென்ஷன் பேப்பர், அதை முடிவு பண்ணுகிற ஏ.ஜி. ஆபீஸுக்குப் போயிருக்கிறது. ஆர்டர் வந்ததும் பெங்களூர் வருகிறேன். மொரப்பூரிலிருந்து டிக்கெட் போடு. மாசக்கணக்கில் இருக்கச் சொல்லாதே, கோழிகளைப் பார்க்க இங்கே ஆள் கிடையாது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா