கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் கால்பந்து கிளப்பின் முன்னாள் தலைவர்களுக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் கிளப் அறைக்கு வெள்ளையடித்தோம். அலமாரியை நகர்த்தியபோது பின்னால் ஒரு பழைய நோட்டு கிடந்தது. வேன் வாடகை, எலுமிச்சம்பழம், ஐஸ், பூட் தைத்த கூலி என்று பக்கம் பக்கமாகப் பென்சில் கணக்கு. வரவைத் தாண்டிச் செலவு போன இடங்களில் எல்லாம் 'என் கையிலிருந்து' என்ற ஒரே குறிப்பு. கையெழுத்தைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

மேனேஜர் மாமா, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போய் வந்த மறுநாளே நீங்கள் மைதானத்தில் நிற்பீர்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது, காலில் பூட் இல்லை. உங்கள் மகனுடையதைக் கொண்டுவந்து, முனையில் துணி திணித்து, நீங்களே குனிந்து லேஸ் கட்டிவிட்டீர்கள். தூண்டில் கயிறு அறுத்த தழும்பு உங்கள் விரலெல்லாம் இருந்தது. இன்றும் லேஸ் கட்டும்போது அந்த விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

அப்புறம், ஒக்கி புயல் வருஷத்துத் தலைவர் அண்ணன். 2017 நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயல் குமரி மாவட்டத்துத் தூத்தூர் கரையில் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போட்டிக்குச் சேர்த்த பணம் முழுவதையும் அந்த வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, "இந்த வருஷம் கோப்பை வேண்டாம்" என்றீர்கள். சில மாதம் கழித்து, "பிள்ளைங்க கரையில உட்கார்ந்து கடலையே பார்த்துட்டு இருக்காங்க, பந்தை எடுங்க" என்று சொன்னவரும் நீங்கள்தான். அதே சீசனில் இதே கரையின் இரவிபுத்தன்துறை ஊர்க்காரர் மைக்கேல் சூசைராஜ், அகில இந்திய கிளப் போட்டியான ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள வீரர் ஆனார். அந்தச் செய்தி வந்த அன்றுதான் எங்கள் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பெரிய கிளப்புகளின் பயிற்சியாளர்களுக்கும் இந்த ரசிகனின் நன்றி உண்டு. 2018 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதிப் போட்டியில் சென்னையின் எஃப்சி ஒரு கோல் பின்தங்கியும், பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வெல்ல வைத்த ஜான் கிரிகோரி. 2018-19 ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டிக்கு வாங்கித் தந்த அக்பர் நவாஸ். அந்த அணியில் சூசைராஜின் சகோதரர் ரெஜின் ஆடினார். என்னைக் கேட்டால் ஓவன் காய்லை ஒரு படி மேலே வைப்பேன். பாதி சீசனில் வந்து, அடிமட்டத்தில் கிடந்த சென்னையின் எஃப்சியை 2020 ஐஎஸ்எல் இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். அதில் தோற்றது வலிதான். ஆனால் வென்ற கொல்கத்தா அணியில் சூசைராஜ் இருந்ததால் முழுதாக அழவும் முடியவில்லை.

அந்த நோட்டைக் கிளப் அறையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறோம். ஞாயிறு பூசை முடிந்து ஒருமுறை வந்து பாருங்கள், மாமா. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய இடது விங்