பேச ஆள் தேடும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் லட்சுமி மில் வரை நடந்துவிட்டு வருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று சொன்னாயே, "ஃபேஸ்புக்ல ரெண்டாயிரம் பேர் இருக்காங்கம்மா, எழுதுறதைப் பத்திப் பேச ஒருத்தர்கூட இல்ல, பேசாம மூடிட்டுப் போயிரலாம்னு இருக்கு" என்று. உனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. எனக்கும் இதை அவசரமாகப் பேச மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம். மூடாதே தாயி. ஆனால் நீ அங்கே ஆள் தேடுகிற முறையை மாற்றிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓசூரில் கம்பெனி, ரூம், மறுபடி கம்பெனி என்று இருக்கிற பிள்ளைக்குக் கதை பேசப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? எழுதுகிறவர்களுக்கு இது எப்போதும் இருந்த கஷ்டம்தான். இடைசெவலையே எடுத்துக்கொள். நம் ஊரிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் கொஞ்ச தூரம். அந்தச் சின்ன ஊரில் 1923-ல் பிறந்த இரண்டு பையன்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். ஒருவர் பத்திரிகை வேலைக்குச் சென்னை போனார். அங்கிருந்து 1952-ல் மலாயாவுக்குப் போய் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் இருந்தார். இன்னொருவர், கி.ரா. என்று எல்லோரும் சொல்கிற ராஜநாராயணன், ஊரிலேயே விவசாயம் பார்க்கிற சம்சாரியாக இருந்தார். இடைசெவலில் உட்கார்ந்துகொண்டு இலக்கியம் பேச அவருக்கு ஆள் ஏது? கடிதம்தான். அழகிரிசாமி எழுதிய கடிதங்களை கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததால் அவை பின்னால் புத்தகமாகவே வந்தன. கி.ரா.வின் கதைகள் பத்திரிகையில் வர ஆரம்பித்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. அதுவரை அந்த மனிதரை எழுத்தின் பக்கத்திலேயே பிடித்து வைத்திருந்ததில் அந்தத் தபால்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா சென்னையில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். கொஞ்ச நாளிலேயே திருகோணமலையிலிருந்து ஒரு பையன் அதற்கு எழுத ஆரம்பித்தான். வயது இருபதுதான் இருக்கும். பெயர் தருமு சிவராமு. பிற்பாடு பிரமிள் என்று அறியப்பட்டவர். அவர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது பல வருடம் கழித்து. அதற்கு முன்பே இங்கே இருந்த கவிஞர்கள் அவரைத் தங்களில் ஒருவராகப் படித்துக்கொண்டிருந்தார்கள். கடல் நடுவில் இருந்தது, அவ்வளவுதான்.

திருநெல்வேலி டவுனில் விமர்சகர் தி.க.சி. இருந்தார், 2014-ல் காலமானார். புதிதாக எழுதுகிற யாருடைய கதையாவது ஒரு பத்திரிகையில் அவர் கண்ணில் பட்டால் போதும், கார்டு போட்டுவிடுவார். இந்த வட்டாரத்தில் எழுத வந்தவர்கள் பலரும் அவருடைய அஞ்சலட்டையைப் பற்றிச் சொல்வார்கள். எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் அப்படித்தான். ஒரு கார்டில் எவ்வளவு எழுதிவிட முடியும்? இன்ன கதை படித்தேன், இன்ன இடம் பிடித்தது, தொடர்ந்து எழுதுங்கள். அவ்வளவுக்குத்தான் இடம். அதை வாங்கிய பையன் அடுத்த கதையை எழுதினான். தி.க.சி.யின் மகன் வண்ணதாசனின் கடிதங்களும் தனி நூலாக வந்திருக்கின்றன, உனக்குத் தெரியும். இப்போது அவரும் முகநூலில் எழுதுகிறார். நீயேதான் எனக்குக் காட்டினாய்.

நான் மேலே சொன்ன பெயர்களைத் திரும்பப் படித்துப் பார். எல்லோரும் ஆண்கள். 'மணிக்கொடி' பத்திரிகையில் எழுதியவர்கள் மெரினா மணலில் உட்கார்ந்து பேசினார்கள், ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி என்று கூடி உட்கார்ந்து கம்பனை ரசித்தார்கள், டீக்கடையிலும் லாட்ஜ் ரூமிலும் விடிய விடிய இலக்கியம் நடந்தது. இதெல்லாம் எவ்வளவு அழகான விஷயம்! ஆனால் அந்த மணலில் நம் வீட்டுப் பெண்ணுக்கு இடம் இருந்ததா? நூலகத்தில் நான் வேலை பார்த்த வருடங்களில் வாசகர் வட்டக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு வைப்போம். அன்றாடம் புத்தகம் எடுத்துப் போகிற பெண்கள், தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப் பிள்ளை வீட்டம்மா முதற்கொண்டு, ஒருத்தியும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். வாசிப்பில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் நிற்க வேண்டும். அதனால்தான் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் யாராவது ஒரேயடியாகத் திட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. சோறு வடித்துக்கொண்டே மதுரையில் ஒருத்தி கதை எழுதி, டொராண்டோவில் ஒருத்தி அதைப் படித்து, இரண்டு பேரும் இரவு பத்து மணிக்கு அதைப் பற்றிப் பேச முடிகிறது என்றால், அது எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று. நீ அதை விட்டுவிட்டு வரக் கூடாது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

தீப்பெட்டி ஒட்டும் ஆச்சியைப் பற்றி நீ எழுதிய கதையை அங்கே போட்டிருந்தாய். கீழே வந்ததை எல்லாம் நான் உட்கார்ந்து படித்தேன். "அருமை", "சூப்பர்", "கண்ணீர்", கைகூப்புகிற படம், இதயப் படம். அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவது மாதிரி அது. நல்ல மனதோடு செய்வதுதான். அவற்றுக்கு நடுவில் மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண் நீளமாக எழுதியிருந்தார், நீ கவனித்தாயா? வாவிக் கரையில் வலை பின்னுகிற தன் பெரியம்மாவை இந்த ஆச்சி ஞாபகப்படுத்தினாள் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: ஏஜெண்ட் கொடுத்த காசை ஆச்சி ஏன் எண்ணிப் பார்க்காமல் முந்தியில் முடிகிறாள், அது நம்பிக்கையா அல்லது அசதியா என்று. கயல், அந்தக் கதையில் உயிரான இடம் அதுதான். அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் அங்கே விரலை வைத்திருக்கிறார். நீ அதற்கும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டாய்.

பேச ஒருத்தர்கூட இல்லை என்று என்னிடம் சொன்னாயே, அவர்தான் அந்த ஒருத்தர். அவருக்குப் பதில் எழுது. சுருக்கமாக முடித்துவிடாமல் எழுது. அது நம்பிக்கையா அசதியா என்று உனக்கே தெரியவில்லை என்றால் அதையும் எழுது. பிறகு அவர் பக்கத்துக்குப் போ. நான் போய்ப் பார்த்தேன், அவரும் எழுதுகிறவர். கிணறு தோண்டுகிறதைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார். இறங்க இறங்க மண்ணின் நிறம் மாறுவதை எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறார் தெரியுமா! நம் கரிசலில் மேல்மண் முடிந்து சுக்கான் பாறை தட்டும்போது கடப்பாரைச் சத்தம் மாறுமே, தாத்தா தோட்டத்தில் நீ கேட்டிருக்கிறாய். அதை அவருக்குச் சொல்லு. அங்கே எந்த ஆழத்தில் என்ன சத்தம் வரும் என்று கேளு. இரண்டு எழுத்தாளர்கள் பேசிக்கொள்ள இது போதாதா?

நான் மாற்றச் சொன்ன முறை இதுதான். உன் கதையைப் போட்டுவிட்டு யார் வருகிறார்கள் என்று காத்திருக்கிறாய். அதற்குப் பதில் நீ முதலில் நாலு பேரைப் படி. உனக்குப் பிடித்த மாதிரி எழுதுகிறவர்களாக, உன் அளவிலேயே தட்டுத் தடுமாறி எழுதுகிறவர்களாகப் பார். பெரிய எழுத்தாளர்களின் பக்கத்தில் போய் முந்நூற்றோராவது ஆளாக "வணக்கம் சார்" போடுவதில் தப்பில்லை, ஆனால் அவருக்கு உன்னோடு பேச நேரம் இருக்காது. உன்னைப் போலவே முதல் தொகுப்புக்குக் கதை சேர்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு நேரம் இருக்கும். படித்தால் எந்த இடம் உன்னை நிறுத்தியது என்று எழுது. நன்றாக இல்லாத இடம் தெரிந்தால் அதைப் பொதுவில் சொல்லாதே. பழக்கம் ஆன பிறகு, அவர் கேட்டால், தனியாகச் சொல்லு. பத்துப் பேர் பார்க்கும்போது ஒரு குறை சொன்னால் அது விமர்சனமாக இறங்காது, மானப் பிரச்சினையாகிவிடும்.

நீ யாரோடு அதிகம் பேசுகிறாயோ அவர்கள் எழுதுவதைத்தான் அந்த ஃபேஸ்புக்கும் உனக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும். சண்டைக்குக் கீழே போய் நின்றால் சண்டையாக வரும். கதைக்குக் கீழே நின்றால் கதையாக வரும். கொஞ்ச நாள் செய்து பார், உன் பக்கமே மாறும்.

இப்படி மூன்று நாலு பேர் சேர்ந்தபிறகு ஒரு சின்ன வாட்ஸ்அப் குழு போதும். அதில் ஆயிரம் பேரைச் சேர்க்க இடம் இருக்கிறது என்பதற்காகச் சேர்க்கக் கூடாது. ஆள் கூடினால் காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும் வந்துவிடும், எழுத்து ஓடிவிடும். மாதம் ஒருத்தர் கதை, மற்றவர்கள் படித்துவிட்டு வந்து ஜூமில் ஒரு மணி நேரம் பேசுவது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது எத்தனை இலக்கியக் கூட்டங்கள் ஜூமுக்கு மாறின, நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோமே. யாழ்ப்பாணத்துக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் ஒரே கதையைப் பற்றி அடித்துப் பேசியதை அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சத்தமா கதைக்கு?" என்று ஆச்சரியப்பட்டார். குழுவில் வைக்கிற கதையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பல பத்திரிகைகள் வேறெங்கும் வராத கதையைத்தான் கேட்கின்றன, முகநூலில் போட்டதையும் வந்ததாகவே கணக்கில் எடுக்கின்றன. ஆச்சி கதையை முதலில் ஒரு இதழுக்கு அனுப்பியிருக்கலாம். போகட்டும், அடுத்ததை அனுப்பு.

சில விஷயம் அம்மாவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் எழுத்தைப் பாராட்டி இன்பாக்ஸுக்கு வந்து, இரண்டாம் நாளே போன் நம்பரும் போட்டோவும் கேட்கிறவன் வாசகன் இல்லை. பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் பிளாக் பண்ணு. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அதே மாதிரி "உங்கள் கவிதையைத் தொகுப்பில் சேர்க்கிறோம், இவ்வளவு பணம் அனுப்புங்கள், விருதும் சான்றிதழும் உண்டு" என்று வருகிறதே, அதில் விழாதே. எழுதுகிறவளிடம் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற விருதை நம் வீட்டு அலமாரியில் வைக்க வேண்டாம்.

இலக்கியச் சண்டைகளைப் பார்த்துத்தான் உனக்கு அலுத்துப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். சண்டை அந்தக் காலத்திலும் உண்டு. புதுமைப்பித்தனும் கல்கியும், பிறமொழிக் கதைகளைத் தழுவி எழுதுவதைப் பற்றி நன்றாகவே மோதிக்கொண்டார்கள். ஆனால் அச்சில் வர வேண்டும் என்பதால் எழுதியதைத் திரும்பப் பார்க்க நேரம் இருந்தது. இப்போது கோபம் ஆறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. எழுத்தைப் பற்றிய சண்டையாக இருந்தால் தள்ளி நின்று படி, நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஆளைப் பற்றியதாக மாறிவிட்டால் கடந்து போய்விடு. அந்த நேரத்தில் ஒரு பக்கம் எழுதிவிடலாம்.

நேரில் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை, அதையும் மறந்துவிடாதே. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது போய்ப் பார். ஸ்டாலுக்கு வெளியே, "நீங்கதானா அது!" என்று ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொள்கிறவர்களைப் பார்க்கலாம். வருடக்கணக்கில் திரையில் பேசினவர்கள் அப்படி நின்று டீ குடிப்பதைப் பார்க்கவே எனக்கு ஆசையாக இருக்கிறது. ஓசூரிலிருந்து பஸ் நிறைய இருக்கிறது. உன் ஃபேஸ்புக் தோழிகளில் சென்னைப் பக்கம் இருக்கிறவர்களை இப்போதே கேட்டு வை.

பொங்கலுக்கு முன்னால் எந்தச் சனி, ஞாயிறு உனக்கு லீவு கிடைக்கும் என்று கேட்டுச் சொல்லு. நானும் இங்கிருந்து ரயிலில் வந்துவிடுகிறேன், எழும்பூரில் சேர்ந்துகொள்ளலாம். டிக்கெட்டுக்கு இப்போதே போட்டால்தான் கிடைக்கும். மட்டக்களப்புப் பெண்ணுக்கு நீ எழுதுகிற பதிலை எனக்குக் காட்ட வேண்டாம், அது உங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். ஆனால் அவருடைய கிணற்றுக் கதையை அப்பாவும் படிக்க ஆசைப்படுகிறார். அவரிடம் கேட்டு, பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா
கோவில்பட்டி