முதல் அடிக்கு முன்னால்

கும்பகோணம்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்மணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நான் சொன்னதில் பாதி கடைச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. எழுதிவிட்டால் தினம் எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் ஆணி ஏறுகிற மாதிரி வலி. நாலு அடி நடந்தால் குறைகிறது. கடை மூடுகிற நேரத்தில் மறுபடி பிடிக்கிறது. குதிகாலின் அடியில், உள்பக்கமாக அமுக்கினால் உயிர் போகிறது. நீ சொன்ன இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் பாதப் பட்டையின் கோளாறுதான், பிளான்டார் ஃபேசியா என்பார்கள். எக்ஸ்-ரேயைப் பார்த்து ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று சொன்னதில்தான் நீ பயந்துபோயிருக்கிறாய். வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் முள் மாதிரியான அந்த எலும்பு வளர்ச்சி இருக்கிறது. உனக்கு வலி போன பிறகும் அது அங்கேயே இருக்கும். அதைக் கரைக்கிறேன் என்று யார் எது விற்றாலும் வாங்காதே.

அந்தப் பட்டை குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடுகிறது. கால் கட்டைவிரலை மேல்நோக்கி மடக்கினால் அது இறுகி, பாதத்தின் வளைவைத் தூக்கிக் கொடுக்கும். 1954-ல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கினார். நாளெல்லாம் கிரானைட் தரையில் நிற்கிறவர்களுக்கும், எடை கூடியவர்களுக்கும், கெண்டைச்சதை இறுகியவர்களுக்கும் எலும்போடு அது ஒட்டுகிற இடம் நைந்துபோகிறது. 2003-ல், அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுவை ஆராய்ந்தபோது அழற்சி தென்படவில்லை, இழைகள் சிதைந்திருப்பதுதான் தெரிந்தது. வலி மாத்திரை வலியை அடக்கலாமே தவிர, நைந்த இழையைத் திரும்பக் கட்டாது.

ஊசி போட்டால் ஒரே வாரத்தில் சரியாகும் என்றார்களாமே. ஸ்டீராய்டு ஊசியை நான் அடியோடு மறுக்கவில்லை. 2012-ல் ஆஸ்திரேலியாவில் 82 பேரிடம் ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி போட்டுச் சோதித்தார்கள். 4 வாரத்தில் வலி குறைந்தது, 8 வாரத்திலும் 12 வாரத்திலும் அந்த வித்தியாசம் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகும் அபாயம் உண்டு, குதிகாலுக்கு மெத்தையாக இருக்கிற கொழுப்பும் தேயும். வலி வந்து மூன்றே வாரமான உனக்கு அது இப்போது தேவையில்லை.

செய்ய வேண்டியதில் முதலாவது, தரையில் கால் படுவதற்கு முன்னால். கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்ற தொடைமேல் போட்டுக்கொள். விரல் நுனியைப் பிடிக்காதே, ஐந்து விரலின் அடியையும் கையால் சுற்றிப் பிடித்து முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பை நோக்கி இழு. மற்ற கையால் உள்ளங்காலைத் தடவிப்பார், பட்டை வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்க வேண்டும். விறைக்கவில்லை என்றால் நீ இழுப்பது போதவில்லை. 10 எண்ணும்வரை பிடி, விடு. இப்படி 10 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை. மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்து எழும்போதும் முதல் அடி வலிக்கும், ஒரு வேளையை அங்கே வைத்துக்கொள். 2003-ல் இந்த நீட்டலையும் வெறும் கெண்டைக்கால் நீட்டலையும் 8 வாரம் ஒப்பிட்டார்கள், இதுதான் மேலாக இருந்தது.

இரண்டாவது, பட்டைக்குப் பாரம் ஏற்றுவது. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். ஈரிழைத் துண்டு ஒன்றை இறுக்கிச் சுருட்டிப் படியின் விளிம்பில் வை. விரல்கள் அதன்மேல் ஏறி நன்றாக மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும், குதிகால் படிக்கு வெளியே தொங்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, 3 எண்ணி மேலே ஏறு, உச்சியில் 2 எண்ணி நில், 3 எண்ணி இறங்கு. 12 முறைக்குமேல் முடியாத அளவு பாரத்தில் 3 சுற்று. இரண்டு வாரம் கழித்துப் பாரத்தைக் கூட்டி 10 முறை, 4 சுற்று. நாலு வாரம் ஆனதும் இன்னும் கூட்டி 8 முறை, 5 சுற்று. முதுகுப் பையில் 1 கிலோ அரிசிப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போ. ஒற்றைக் காலில் ஏற முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்கு.

இதில் கெட்டுப்போவது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். துண்டு மெலிசாக இருந்தால் கட்டைவிரல் மடங்காது, அப்புறம் அது வெறும் கெண்டைக்கால் பயிற்சி. வேகமாக ஏறி இறங்கினால் துள்ளல்தான் வேலை செய்யும், பட்டை செய்யாது. சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் செய்கிறவர்களுக்கு வலி கூடும். எல்லாவற்றையும்விட, இரண்டாவது வாரம் ஒன்றும் மாறவில்லையே என்று விட்டுவிடுவார்கள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், தப்பில்லை. மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் ஒரு பாக்கெட்டைக் குறை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் டென்மார்க்கில் 48 பேரிடம் இந்தப் பாரப் பயிற்சி 3 மாதத்தில் நீட்டலைவிட நன்றாகவே பலன் தந்தது, 12 மாதத்தில் இரண்டும் சமமாகிவிட்டன. அதே நாட்டில் 180 பேரை வைத்து 2023-ல் வந்த ஆய்வில், ஒரு பிரிவுக்கு விளக்கமும் குதிகால் மெத்தையும் மட்டும், இன்னொன்றுக்கு அதோடு பயிற்சி, மூன்றாவதுக்குப் பயிற்சியோடு ஊசியும். மூன்று பிரிவிலும் வலி குறைந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பயிற்சியை மந்திரமாக நினைக்காதே. ஆனாலும் உன்னைச் செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் பலமுள்ள காலோடுதான் நீ திரும்பவும் எட்டு மணி நேரம் நிற்கப்போகிறாய்.

அந்த மெத்தையை அலட்சியம் செய்யாதே. மருந்துக்கடையில் கிடைக்கிற சிலிக்கான் குதிகால் கப் போதும். ஒரு காலில் மட்டும் போடாதே, இரண்டிலும் போடு. அளவெடுத்துச் செய்கிற விலை அதிகமான இன்சோலுக்கு இப்போது பணம் கொடுக்காதே. 2006-ல் ஆஸ்திரேலியாவில் ஒப்பிட்டபோது தயாராகக் கிடைப்பதும் அளவெடுத்ததும் ஒன்றாகவே இருந்தன. வீட்டுக்குள்ளும் மொசைக் தரையில் வெறுங்காலோடு நடக்காதே, பழக்கமில்லை என்று சொல்வாய், ஒரு ஜோடியை வீட்டுக்கென்று வைத்துக்கொள். முதல் வாரம் பாதத்தில் டேப் ஒட்டிக்கொண்டாலும் காலை வலி குறையும். 4 முதல் 6 வாரம் இவற்றையெல்லாம் சரியாகச் செய்தும் வலி இறங்கவில்லை என்றால் அடுத்தது அதிர்வலை சிகிச்சை, அதாவது ஒரு கருவியால் குதிகாலில் அதிர்வு அலைகளைச் செலுத்துவது, ஊசி அல்ல.

ஆத்தா செங்கல்லைச் சுட வைத்து எருக்கிலை போட்டு மிதிக்கச் சொல்லும். சூடு இதமாக இருக்கும், பட்டையை அது குணமாக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் கால் வெந்துபோகும், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வெந்நீர்த் துணியே போதும்.

கடையில் உட்கார விடமாட்டார்கள் என்றாய். 2021-ல் நம் மாநிலத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலையின் இடையில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம் என்று வைத்தார்கள். சலுகை கேட்கிற மாதிரி கேட்காதே, மேலாளரிடம் இதையே சொல். மணிக்கு 5 நிமிடம் உட்கார்ந்தாலும் காலுக்குப் பெரிய உதவி.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. பாதத்தில் மரத்துப்போதல், எரிச்சல். ராத்திரி படுத்த பிறகும் விடாத வலி. குதிகாலை இரண்டு பக்கமிருந்தும் அழுத்தினால் தாங்க முடியாமல் போவது, அது எலும்பு விரிசலாக இருக்கலாம். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் அரை மணிக்கு மேல் இறுகியிருப்பது. டக்கென்று அறுந்த சத்தம் கேட்டு உள்ளங்கால் வீங்குவது. இவற்றில் எதற்கும் நான் எழுதிய பயிற்சியைச் செய்யாதே.

ஒவ்வொரு ஞாயிறும் காலண்டரில் அன்றைக்கு முதல் அடியின் வலியை 0 முதல் 10-க்குள் எழுதி வை. தினம் எழுதாதே, ஏற்ற இறக்கம் பார்த்துச் சோர்ந்துபோவாய். குறைவதற்கு மாதங்கள் ஆகும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள். தீபாவளிக்கு வரும்போது கடைக்குப் போட்டுப்போகிற செருப்பைத் தூக்கிப்போடாமல் கொண்டுவா. அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா