வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ஊசி மருந்து கேக்குறதுக்கு முன்னாடி மாட்டுக்கு சூடு பாத்துட்டு வாங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க.

சத்தியமங்கலம் பக்கம் நம்ம தீவனக் கடைக்கு வர்றவங்க நாலஞ்சு பேரு போன மாசம் எங்ககிட்ட நேராவே கோவிச்சுக்கிட்டாங்க, "முன்ன மாதிரி இல்லப்பா, ஒரு காய்ச்சல் ஊசி கேட்டா நூறு கேள்வி கேக்கறீங்க, டாக்டர் சீட்டு கேக்கறீங்க, வேற கடைல சும்மா குடுக்கறான்"னு. கோவம் நியாயம்தான். அவசரத்துல வர்றீங்க, மாடு அங்க படுத்துக் கெடக்குது, இவன் இங்க தெர்மாமீட்டர் வெச்சீங்களான்னு கேட்டா எரிச்சல் வரத்தான் செய்யும். ஏன் கேக்கறோம்னு ஒருவாட்டி எழுதிரலாம்னுதான் இது, கொஞ்சம் நீளமா போயிருச்சு, பால் கறந்து முடிச்சுட்டு உக்காந்து படிங்க.

மொதல்ல எங்க தப்ப சொல்லிடறேன். கொஞ்ச வருசம் முன்னாடி ராத்திரி கடை சாத்தற நேரத்துல நம்ம பழைய வாடிக்கைக்காரர் ஒருத்தரு பையன் வண்டில வந்தான். ஜெர்சி மாடு, மூணாவது ஈத்து, கன்னு போட்டு மறுநாளு, நல்லா பால் கறந்துட்டு இருந்தது சாயங்காலத்துல இருந்து நடுங்குது, தீனி எடுக்கல, இப்ப படுத்துருச்சு எந்திரிக்கல, காய்ச்சல் மாதிரி இருக்குதுன்னான். நானும் காய்ச்சல் மாத்திரை ரெண்டு, டானிக் ஒண்ணு எடுத்துக் குடுத்து அனுப்பிட்டேன். விடியறப்ப மாடு போயிருச்சு. அது பால் காய்ச்சல். பேருல மட்டும்தான் காய்ச்சல், மாட்டுக்கு சூடே இருக்காது, காது ரெண்டும் ஜில்லுன்னு இருக்கும். தெர்மாமீட்டர் வெச்சிருந்தா 100 டிகிரிக்கு (பாரன்ஹீட்) கீழ காட்டியிருக்கும், அத பாத்திருந்தா அந்தப் பையன டாக்டரு வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பேன். நான் கேக்கல. அவங்க இப்பவும் நம்மகிட்டதான் தவிடு எடுக்கறாங்க, அது வேற.

அதனாலதான் இந்தக் கேள்வியெல்லாம்.

சூடு பாக்குறது பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க. மெடிக்கல்ல விக்கற சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும், அதுல ஒரு நூல் கட்டி நூல் மறுமுனைல துணிக்கு மாட்டற கிளிப் ஒண்ணு வெச்சு வால் மயிர்ல மாட்டிருங்க, இல்லாட்டி உள்ள போயிரும் இல்ல கீழ விழுந்து ஒடைஞ்சிரும், ரெண்டும் நடந்திருக்குது. நுனில கொஞ்சம் எண்ணெய் தடவி சாணி போடுற எடத்துல விட்டு, சாணிக்குள்ள சொருகாம ஒரு பக்கமா சாச்சு குடல் சுவத்துல படற மாதிரி புடிக்கோணும், பீப் சத்தம் வர்ற வரைக்கும். மாடு பசுவா இருந்தா 101ல இருந்து 102.5 வரைக்கும் சரி. ஆடு 102ல இருந்து 103.5. நாயும் மாடு மாதிரியேதான். கோழிக்கு 106 இருந்தாலும் அது காய்ச்சல் இல்ல, அதோட ஒடம்பே அப்படி. வெயில்ல மேஞ்சு வந்த மாட்டுக்கு ஒடனே வெச்சா ஒரு டிகிரி கூடத்தான் காட்டும், நெழல்ல ஒரு மணி நேரம் கட்டிட்டு பாருங்க. நல்லா இருக்கறப்பவே ரெண்டு மூணு நாள் பாத்து உங்க மாட்டோட கணக்கு எவ்வளவுன்னு காலண்டர்ல எழுதி வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

அதுகூட இன்னும் ரெண்டு விசயம். இடது பக்கம் கடைசி விலா எலும்புக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருக்குதில்ல, அங்க முஷ்டிய வெச்சு அமுத்திட்டு ரெண்டு நிமிசம் நில்லுங்க. நல்ல மாட்டுக்கு அதுக்குள்ள ரெண்டு மூணு தடவை வயிறு உங்க கைய தள்ளும். தள்ளவே இல்லைன்னா வயிறு நின்னு போச்சுன்னு அர்த்தம். அப்புறம் சாணி எப்படி, மூத்திரம் என்ன நெறம், அசை போடுதா. இந்த அஞ்சையும் சொன்னீங்கன்னா டாக்டருக்கு போன்லயே பாதி தெரிஞ்சிரும், எங்களுக்கும் எத குடுக்கக் கூடாதுன்னு தெரியும்.

பால் காய்ச்சலுக்கே வர்றேன், ஏன்னா இது நல்லா கறக்கற மாட்டத்தான் புடிக்கும். கன்னு போட்ட மூணு நாளைக்குள்ளதான் பெரும்பாலும் வரும். சீம்பாலுக்கு திடீர்னு சுண்ணாம்புச்சத்து நெறைய போயிரும், ரத்தத்துல கொறைஞ்சிரும், தசை வேலை செய்யாது. கழுத்த ஒரு பக்கமா மடக்கி விலா மேல வெச்சுட்டு படுத்திருக்கும், அத பாத்தாலே கண்டுபுடிச்சிரலாம். டாக்டரு கால்சியம் பாட்டில நரம்புல மெதுவா ஏத்துவாரு, ஏத்தி முடிக்கறதுக்குள்ள மாடு ஏப்பம் விட்டு சாணி போட்டு எந்திரிச்சு நிக்கும், பாத்தவங்களுக்குத் தெரியும் அந்த அதிசயம். அதே பாட்டில வேகமா ஏத்துனா நெஞ்சு நின்னுரும், அதனால "பாட்டில் மட்டும் குடுங்க நாங்களே ஏத்திக்கறோம்"னு யாரும் கேக்காதீங்க. படுத்திருக்கற மாட்டுக்கு வாய்ல எதையும் ஊத்தவும் வேண்டாம், அதால முழுங்க முடியாது, நேரா நுரையீரலுக்குப் போகும்.

இதுல எங்க வியாபாரத்துக்கு எதிரா ஒண்ணு சொல்றேன். நெறைய சினை மாட்டுக்கு கடைசி மாசம் கால்சியம் டானிக் வாங்கிட்டுப் போறீங்க. வேண்டாமுங்க. கன்னு போடறதுக்கு முன்னாடி நெறைய கால்சியம் வெளில இருந்து குடுத்தா ஒடம்பு தன்னோட எலும்புல இருந்து எடுக்கற பழக்கத்த விட்டுரும், கன்னு போட்டதும் திடீர்னு தேவைப்படறப்ப எடுக்கத் தெரியாம படுத்துரும். கன்னு போட்ட பின்னாடி குடுங்க, அதுக்கு முன்னாடி டாக்டரு சொன்னா மட்டும். மொத ரெண்டு நாளு மடிய சொட்டு விடாம ஒட்டக் கறக்காதீங்க, அதுவும் கொஞ்சம் ஒதவலாம்.

அடுத்தது வயிறு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளு நம்ம கடைல நிக்கற கூட்டத்த பாத்திருப்பீங்க. பாசத்துல பொங்கல அண்டா அண்டாவா ஊட்டி விட்டுருவோம், கல்யாண வீட்டு மிச்ச சோறும் அதே கதைதான். சோறு மாட்டு வயித்துல புளிச்சு அமிலமாகிரும். இதுல இடது பக்கம் டம்முன்னு உப்பாது, தொட்டா தண்ணி தளும்பற மாதிரி இருக்கும், சாணி புளிச்ச வாடையோட தண்ணியா போகும், மாடு தள்ளாடும், சோந்து படுக்கும். எண்ணெய் ஊத்துனா இதுக்குக் கேக்காது. சமையல் சோடா உப்ப தண்ணில கரைச்சுக் குடுக்கறதுதான் மொத கைவைத்தியம், நெறைய தின்னுருந்தா அதுவும் பத்தாது, டாக்டரு வந்து நரம்புல பாட்டில் ஏத்தோணும். காத்து உப்புசம் வேற. அது பச்சைப் பயறுச் செடி, குதிரை மசால் ஈரத்தோட மேஞ்சா வரும், இடது பக்கம் முரசு மாதிரி உப்பி தட்டுனா டம் டம்முங்கும், மூச்சு வாங்கும். அதுக்குத்தான் கடலை எண்ணெய். ஊத்தறப்ப நாக்க வெளிய இழுக்காதீங்க, தலைய ஆகாசத்துக்குத் தூக்காதீங்க, கன்னத்து ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, இருமுனா நிறுத்திருங்க. எங்கப்பா காலத்துல மூங்கில் கொழாய்ல அவசரமா ஊத்தி, உப்புசம் வடிஞ்ச மாடு நாலாம் நாளு சளி கட்டி செத்துருக்குது.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தழையும் இளசு சோளமும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மழை இல்லாம வாடி நின்னு அப்புறம் ஒரு மழைக்கு துளுக்கற சோளத்துல சயனைடு விசம் கூடிரும். மேஞ்ச கொஞ்ச நேரத்துல மூச்சுத் திணறி விழும், ரத்தம் பளபளன்னு செவப்பா இருக்கும். இதுக்கு மாத்து ஊசி இருக்குது ஆனா நேரம் ரொம்பக் கம்மி, மாட்டு ஆம்புலன்ஸ் 1962க்கு போன் போட்டுக்கிட்டே டாக்டருக்கும் ஆள் அனுப்புங்க. சோளத்தட்ட பூ எடுத்த பின்னாடி அறுத்து, கெழங்குத் தழைய நல்லா வெயில்ல காயப்போட்டுக் குடுத்தா பயம் கொறைவு.

மடிநோய்க்குத்தான் மாசத்துல நெறைய பேரு வர்றீங்க. வந்தவொடனே "அந்த ட்யூப் ஒண்ணு"ங்கறீங்க. காம்புக்குள்ள மருந்து ட்யூப் ஒண்ணு ஏத்தி வீக்கம் கொறைஞ்சதும் விட்டுர்றீங்க, ரெண்டு வாரத்துல அதே காம்பு மறுபடியும் கட்டிக்குது, இந்தவாட்டி அந்த மருந்து கேக்க மாட்டேங்குது. டாக்டரு எத்தன நாள் சொல்றாரோ அத்தன நாள் ஏத்தோணும். அதவிட முக்கியம் சீக்கிரம் கண்டுபுடிக்கறது, தெனம் கறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காம்புலயும் மொத ரெண்டு மூணு பீச்ச ஒரு கருப்புத் துணி மேல விட்டுப் பாருங்க, திரி திரியா தெரிஞ்சா அன்னிக்கே ஆரம்பம். அந்த மாட்ட கடைசியா கறங்க, கை கழுவுங்க. கறந்து முடிஞ்சதும் அரை மணி நேரம் மாட்ட படுக்க விடாம தீனி போட்டு நிக்க வைங்க, காம்புக் கண்ணு மூடறதுக்கு அந்த நேரம் வேணும். ஆரம்பத்துலயே பாத்துட்டா சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு வெச்சுக்கிட்டு, ஒவ்வொருவாட்டியும் பால ஒட்டக் கறந்துட்டு மடிய கழுவிட்டு, கொஞ்சம் தண்ணி விட்டுக் கரைச்சு மடி பூரா பூசுங்க, ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை, அஞ்சு நாளு. இது பாட்டி வைத்தியம்னு நெனைக்காதீங்க, நம்ம கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரங்க சொல்லிக் குடுத்தது, ஆனந்துல இருக்கற பால்வள வாரியமும் நாடு பூரா பரப்புது. நாங்க இதுல அஞ்சு பைசா சம்பாரிக்க முடியாது, பரவால்ல. ஆனா மாட்டுக்கு காய்ச்சல் 104 ஏறி மடி கல்லா இருந்தா, இல்ல பால் ரத்தமாவோ தண்ணியாவோ வந்தா, பூசிட்டு காத்திருக்காதீங்க.

இப்ப நாங்க நிறுத்துன சரக்கு. காய்ச்சலுக்கும் வலிக்கும் முன்ன கேட்டு வாங்குன கீட்டோ ஊசி இனி கெடைக்காது, இது எங்க பிடிவாதம் இல்ல, சட்டம். டைக்ளோபினாக்க மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு 2006லயே தடை, கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ரெண்டுக்கும் 2023 ஜூலைல, நிமசுலைடுக்கு 2024 டிசம்பர் கடைசில. இந்த ஊசி போட்ட மாடு செத்து, அத கழுகு தின்னா கழுகோட கிட்னி போயிரும். நமக்கென்ன கழுகுன்னு கேக்கலாம், ஆனா தமிழ்நாட்டுல மிச்சமிருக்கற பாறு கழுகுங்க பெரும்பாலும் நம்ம தலைக்கு மேல மாயாறு பள்ளத்தாக்குலதான் இருக்குது. மனுசன் ஊசிய வாங்கிட்டு வந்து மாட்டுக்குப் போடறதும் அதே தப்புதான். அதுக்குப் பதிலா மெலாக்சிகாம்ங்கற மருந்து இருக்குது, கழுகுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, வேலையும் செய்யுது, அதுக்கும் சீட்டு வேணும்.

பால் எறக்கற ஊசி எத்தன தடவை கேட்டாலும் இல்லைதான். ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாம இல்ல. சீட்டோட வாங்குனா பாட்டில் மேல எத்தன நாள் பால் ஊத்தக்கூடாதுன்னு போட்டிருக்கும், போடலைன்னா கொறைஞ்சது ஏழு நாளு, கறிக்கு 28 நாளுன்னு விதியே இருக்குது. கஷ்டந்தான், சொசைட்டிக்கு ஏழு நாள் பால் ஊத்தாட்டி வட்டிக்காரன் நிப்பான், தெரியாம சொல்லல. ஆனா அந்தப் பால நம்ம வீட்டுக் கொழந்தைங்கதானே மொதல்ல குடிக்குது.

மூத்திரம் காப்பித்தண்ணி மாதிரி போகுதுன்னா அது உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், சாதா காய்ச்சல் மருந்துல நிக்காது, ரத்தத்த கண்ணாடில தேச்சு மைக்ராஸ்கோப்புல பாத்துட்டுத்தான் ஊசி. கோமாரிக்கு ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி கவர்மென்ட்டே இலவசமா ஊசி போடுது, முகாம் அன்னிக்கு மாட்ட ஓட்டிட்டு மேய்ச்சலுக்குப் போயிராதீங்க. ஆட்டுக்கு மழைக்கு முன்னாடி துள்ளுமாரி ஊசி, அப்புறம் ஆட்டுக்கொல்லி ஊசி. தாடைக்குக் கீழ தொங்கற வீக்கமும் வெளுத்த கண்ணுமா இருக்கற ஆடு பெரும்பாலும் குடல்புழு, சத்து டானிக் ஊத்தி பிரயோஜனம் இல்ல. கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வந்த பின்னாடி எந்த மருந்தும் கெடையாது, அது வைரஸ், ஏழாம் நாளு கண்ணுல சொட்டு, எட்டு வாரத்துல றெக்கைல ஊசி, அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். மாடு வாய்ல எச்சி ஒழுகுது, முழுங்க முடியல, கொரல் மாறி கத்திட்டே இருக்குதுன்னா தொண்டைல ஏதோ மாட்டிருச்சுன்னு கைய உள்ள விடாதீங்க. வெறிநாய் கடிச்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். கைல ஒரு சின்னக் கீறல் போதும், நம்ம உசுருக்கே ஆபத்து. ஏற்கனவே கை விட்டாச்சுன்னா சோப்புப் போட்டு கால் மணி நேரம் ஓடற தண்ணில கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கோங்க. அதே மாதிரி நல்லா இருந்த மாடு திடீர்னு செத்து மூக்குலயும் பின்னாடியும் கருப்பா ரத்தம் வந்தா அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், தோல் உரிக்காதீங்க, அறுக்காதீங்க, மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லிட்டு ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் பொதைங்க.

இந்த மாசத்துல இருந்து ரெண்டு மூட்டைக்கு மேல தீவனம் எடுக்கறவங்களுக்கு நூல் கட்டுன தெர்மாமீட்டர் ஒண்ணு சும்மா குடுக்கறோம், வீட்டுக்கு ஒண்ணுதான். கோழி சொட்டு மருந்துக்கு வர்றவங்க ஐஸ் போட்ட பிளாஸ்க் கொண்டு வாங்க, கவர்ல போட்டு வெயில்ல எடுத்துட்டுப் போனா அது வெறும் தண்ணி. கடைப் பிளாஸ்க்க எடுத்துட்டுப் போன மூணு பேரு இன்னும் திருப்பித் தரல, யாருன்னு எங்களுக்குத் தெரியும், சந்தைக்கு வர்றப்ப கொண்டு வந்துருங்க.

இப்படிக்கு,
உங்க தீவனக் கடைக்காரன்