பூட்டு எந்த வரியில் தொடங்க வேண்டும்

நியூரம்பெர்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இங்கே குளிர் ஏறிவிட்டது. மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அலுவலகத்தில் அப்படி என்னதான் வேலை என்று தொலைபேசியில் கேட்டீர்கள். காலமெல்லாம் ரேடியோவும் டிவியும் பழுதுபார்த்த உங்களுக்கு விரிவாகவே எழுதலாம்.

சிப்பின் பின்களில் (கால்களில்) எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதை அமைக்கும் லினக்ஸ் கெர்னல் டிரைவர் (இயங்குதளத்தின் மையத்திலிருந்து வன்பொருளை இயக்கும் நிரல்) ஒன்றுக்கு வந்த திருத்தத்தைச் சென்ற வாரம் சரிபார்த்தேன். எஸ்டி கார்டு முதலில் 3.3 வோல்ட் சிக்னலில்தான் இயங்கத் தொடங்கும். அதில் நொடிக்கு 25 மெகாபைட்டுக்கு மேல் கிடைக்காது. வேகமான கார்டு என்றால், சிப்பில் கார்டை இயக்கும் பகுதியான கன்ட்ரோலர் 11ஆம் கட்டளையை அனுப்பி, தாளம் போடும் துடிப்பான கிளாக்கைக் குறைந்தது 5 மில்லிசெகண்ட் நிறுத்தி, அதற்குள் பின்களை 1.8 வோல்ட்டுக்கு இறக்க வேண்டும். அதன் பிறகே 104 மெகாபைட் வரை எட்ட முடியும்.

இறக்குவதற்கு டிரைவர் ரெஜிஸ்டர் என்ற, சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடம் ஒன்றைப் படித்து, அதில் உரிய பிட்டை (0 அல்லது 1) மட்டும் மாற்றி, திரும்ப எழுதுகிறது. எங்கள் போர்டில் இரண்டு கார்டு ஸ்லாட்டுகளின் பிட்டுகளும் ஒரே ரெஜிஸ்டரில் இருப்பதால், சிப்பின் இரண்டு கோர்கள் (தனித்தனியே நிரலை ஓட்டும் பகுதிகள்) ஒரே நேரத்தில் இதைச் செய்தால், பிந்தி எழுதுவது முந்தி எழுதியதை அழித்துவிடும், கார்டு 1.8க்கு இறங்கியிருக்க, சிப்பின் பின்கள் 3.3இலேயே நிற்கும். திருத்தத்தில் ஸ்பின்லாக், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டு, இருந்தது, ஆனால் எழுதும் வரியை மட்டுமே அது காத்தது. படிப்பதற்கு முன்பே பூட்டாவிட்டால், பழைய மதிப்பைப் படித்து வைத்துக்கொண்டு பூட்டுக்குக் காத்திருப்பதால் பயனில்லை.

திருத்தத்தை எழுதியவர் என்னைவிட மிகவும் மூத்தவர். ஆனாலும் இங்கே இளையவர் குறை காட்டுவதை யாரும் துடுக்காக எண்ணுவதில்லை. காரணத்தை மட்டும் கேட்கிறார்கள். கோர்கள் எந்த வரிசையில் ஓடினால் பிட் தொலையும் என்று படிப்படியாக எழுதி அனுப்பினேன். மறுநாளே இரண்டாம் பதிப்பு வந்தது. 1800, 3300 மில்லிவோல்ட் தவிர வேறு மதிப்பு வந்தால் பிழையென்று திரும்பும் சோதனையை அவர் பூட்டுக்கு வெளியே வைத்திருந்த கவனம் எனக்கு மிகவும் பிடித்தது. பூட்டைத் திறக்காமலே வெளியேறும் ஆபத்து அதில் இல்லை.

பிறகு இரண்டு ஸ்லாட்டுகளிலும் கார்டைப் போட்டு, அலைவடிவம் 1.8க்கு இறங்குவதை ஆசிலோஸ்கோப்பில் பார்த்த பின்னரே, சரிபார்த்தவரைக் குறிக்கும் 'ரிவ்யூட்-பை' வரியில் என் பெயரைச் சேர்த்தேன். நீங்கள் அருகில் இருந்திருந்தால் ப்ரோபை என் கையிலிருந்து வாங்கியிருப்பீர்கள்.

அடுத்து, சிப் உறக்கநிலைக்குப் போய்த் திரும்பும்போது இந்த ரெஜிஸ்டரின் மதிப்பைச் சேமித்து மீட்கும் பகுதியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புள்ள மகள்